வாத்தியம் இல்லாத பாட்டுக்கு வந்த வம்பு

‘மெடுல்லா’ என்கிற பாட்டுத் தொகுப்பைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் ஆகச் சரியானது என் பெரியம்மா சொன்னது: “ஏய்யா, உள்ள யாருக்கோ மூச்சு முட்டுது. போய்ப் பாரு.”

அவர் அதைப் பாட்டு என்றே எடுத்துக்கொள்ளவில்லை. கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவருக்கு, அறைக்குள் ஒரு பெண் மூச்சை இழுத்து இழுத்து விடுவது கேட்டிருக்கிறது. ஸ்பீக்கரில் இருந்து வருகிறது என்று தெரிந்ததும் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. அந்த சிடியை எனக்குக் கொடுத்த நண்பனோ வேறு மாதிரி. பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். “துணிச்சலான முயற்சி மச்சான். ரெண்டு மூணு தடவ கேட்டாதான் புரியும்” என்றான். எந்தப் பாட்டில் என்ன துணிச்சல் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான். இந்தத் தொகுப்பு பிடிக்கவில்லை என்கிறவர்கள் அதைக் கேட்டிருக்கிறார்கள், பிடிக்கும் என்கிறவர்களில் பாதிப் பேர் அதைப் பற்றிப் படித்திருக்கிறார்கள் என்பது என் நெடுநாள் சந்தேகம். எனக்கும் பிடித்த தொகுப்புதான். அதனால்தான் இந்த எரிச்சல்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஐஸ்லாந்துக்காரரான பியோர்க் 2004 ஆகஸ்ட் கடைசியில் வெளியிட்டது ‘மெடுல்லா’. மொத்தம் 14 பாடல்கள். ஓரிரு இடத்தில் பியானோ, அங்கங்கே கணினி ஓசை. மற்றபடி தாளம், பேஸ், பின்னணி, அலங்காரம் எல்லாம் மனிதத் தொண்டையில் இருந்து வந்தவை. 2001இல் வந்த அவருடைய முந்தைய தொகுப்பில் ஹார்ப், இசைப்பெட்டி, கூட்டுக்குரல், நுணுக்கி நுணுக்கிச் செய்த மின்னணுத் தாளம் என்று ஒரே சிங்காரம். ‘மெடுல்லா’வையும் வாத்தியங்களோடுதான் தொடங்கினார். பாதி வழியில் வாத்தியத் தடங்களை ஒவ்வொன்றாக அமுக்கிவிட்டுக் கேட்டுப் பார்த்திருக்கிறார். குரல் மட்டும் மிஞ்சியபோதுதான் அவருக்குத் திருப்தி வந்தது. 2002இல் அவருக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. குடித்தனம் நியூயார்க்கில், 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அந்த நாட்டில் கொடியும் தேசபக்தியும் கொதித்துக்கொண்டிருந்த நேரம். கொடிக்கும் கோவிலுக்கும் முந்தி மனிதனிடம் என்ன இருந்ததோ அங்கே போக வேண்டும் என்கிற தோரணையில் அப்போது பேசிக்கொண்டிருந்தார்.

சேர்த்துக்கொண்ட ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. லண்டனிலும் ஐஸ்லாந்திலும் கூட்டுக்குரல் குழுக்கள். வாயாலேயே டிரம்ஸ் அடிக்கிற ராஸெல், தாளத்தையும் பாட்டையும் ஒரே நேரத்தில் செய்து காட்டிப் பேர் வாங்கியவர். ஜப்பானில் இருந்து அதே தொழில் செய்யும் டோகாகா. அடித்தொண்டையில் உறும மைக் பேட்டன். ஒரு காலத்தில் டிரம்ஸ் வாசித்த ராபர்ட் வயட், வயதேறிய மெல்லிய குரலோடு. கனடாவின் வடகோடியில் நுனாவுட்டைச் சேர்ந்த தொண்டைப் பாட்டுக்காரர் தான்யா தகாக். இவர்கள் எல்லாருடைய குரலையும் வெட்டி ஒட்ட மார்க் பெல்லும் மாட்மோஸ் இரட்டையர்களும்.

இதில் ஒரு பாட்டை நம்மூரில் பலர் தெரியாமலே கேட்டிருக்கிறார்கள். 2004 ஆகஸ்ட் 13, ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழா. நமக்கு நள்ளிரவு தாண்டிவிட்டது. பியோர்க் பாடப் பாட அவருடைய கவுன் விரிந்துகொண்டே போய் மைதானத்தில் நின்ற விளையாட்டாளர்களின் தலைக்கு மேல் பரவியது. மறுநாள் மாமாக் கடையில் கண் எரிய எரிய தே தாரிக் குடித்தவர்கள் கவுனைப் பற்றிப் பேசினார்கள். பாட்டைப் பற்றி மூச்சே இல்லை. அது ‘ஓஷியானியா’. கடல் மனிதர்களிடம் பேசுவதாக வரும் வரிகள். ஷோன் என்கிற ஐஸ்லாந்துக் கவிஞரின் பங்கு அதில் உண்டு. பின்னால் பெண்குரல்கள் குபுக்கென்று மேலே ஏறிச் சறுக்கி இறங்கும். கோரஸ் அப்படிப் பாடி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

விற்பனை, விருது சங்கதிகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் முதல் பத்துக்குள் வந்தது, அமெரிக்காவில் 14ஆவது இடம். கிராமிக்கு இரண்டு பிரிவுகளில் பரிந்துரை, இரண்டும் கைநழுவியது. பெண் பாப் குரலுக்கான விருதை அந்த வருஷம் வாங்கியது நோரா ஜோன்ஸ், நம்ம ரவிசங்கரின் மகள். பத்திரிகைக்காரர்கள் பெரும்பாலும் புகழ்ந்தார்கள். பழைய ரசிகர்கள்தான் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். அவருடைய 1990களின் ஆட்டப் பாட்டுகளை நம்பி வந்தவர்களுக்கு இது பெரிய துரோகம். இருபது வருஷம் கழித்தும் அந்தச் சண்டை ஓயவில்லை, குறைந்தபட்சம் பினாங்கில் எங்கள் வட்டத்தில்.

பெரியம்மா விஷயத்துக்கு வருகிறேன். கோபம் ஆறின பிறகு அவர் சொன்னது இது: “சாவு வீட்ல கேக்குறதுய்யா இது. வெள்ளிக்கெழம அதுவுமா வெளக்கு வச்ச வீட்ல போடுவாங்களா?”

கெடாவில், சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். தோட்டத்துச் சாவுகளில் ஒப்பாரிக்கு நடுவே வளர்ந்த காது. ஒப்பாரியை நின்று கேட்டவர்களுக்குத் தெரியும், அதில் வார்த்தை பாதிதான். வரி முடிந்ததும் மூக்கை உறிஞ்சி மூச்சை உள்ளே இழுக்கிறார்களே, அந்த இழுப்புதான் அடுத்த வரிக்கு எடுப்பு. ஒருத்தி விட்ட இடத்தில் தோளைக் கட்டிக்கொண்டிருப்பவள் பிடித்துக்கொள்வாள். விம்மலுக்குக்கூடக் கணக்கு உண்டு. பழகினவர்கள் இடம் பார்த்து விம்முவார்கள், பழகாதவர்கள் சும்மா அழுவார்கள். பெரியம்மா பழகினவர்.

அன்றைக்கு அவர் காதில் விழுந்தது ‘ஆன்செஸ்டர்ஸ்’, தொகுப்பின் 11ஆவது பாட்டு. வார்த்தை கிடையாது. தயங்கித் தயங்கி ஒரு பியானோ, பியோர்க்கின் குரல், அதற்கடியில் தகாக்கின் மூச்சு: உள்ளிழுப்பும் வெளிவிடுதலும் உறுமலும் முனகலும். கனடா வடக்கின் பூர்வகுடிகளான இனுயிட் பெண்கள் எதிரெதிரே நின்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஆடும் தொண்டை விளையாட்டில் இருந்து வந்தது அது. ஒருத்தி விடும் ஓசையின் இடைவெளியில் மற்றவள் தன் ஓசையை நுழைக்க வேண்டும். யாருக்கு முதலில் சிரிப்பு வருகிறதோ, யாருக்கு முதலில் மூச்சு தீர்கிறதோ அவள் தோற்றாள். தகாக் தெற்கே படிக்கப் போன இடத்தில் அம்மா அனுப்பிய கேசட்டைக் கேட்டுப் பழகினார். ஜோடி சேர ஆள் இல்லாததால் இரண்டு பேர் வேலையையும் ஒற்றைத் தொண்டையிலேயே செய்யத் தொடங்கினார்.

ஆக, ‘புரியவில்லை’ என்கிற பேச்சே பெரியம்மாவிடம் இல்லை. இரண்டு பெண்கள் ஒருவர் மூச்சில் ஒருவர் நுழைவது என்னவென்று அவருக்கு நம்மை எல்லாம்விட நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் அதற்கு ஓர் இடமும் நேரமும் உண்டு என்பதும் தெரிந்திருக்கிறது. கடையில் வாங்கி, நினைத்த நேரத்தில் பட்டனைத் தட்டிக் கேட்கிற சமாச்சாரமா இது என்பதுதான் அவர் கேள்வி. இதற்குப் பதில் சொல்லக்கூடிய பியோர்க் ரசிகர் ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. என்னிடமும் பதில் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் ஹெட்ஃபோன் போட்டுக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் வட்டத்தில் அடிக்கடி கிளம்பும் இன்னொரு வாதம்: வாத்தியம் இல்லாத பாட்டு தமிழனுக்குப் புதிதா? 1993இல் ‘திருடா திருடா’வில் ரகுமான் போட்ட ‘ராசாத்தி’ இருக்கிறதே. சாகுல் ஹமீது பாட, பின்னால் முழுக்கக் கூட்டுக்குரல். அதை ஒருவரும் சோதனை முயற்சி என்று சொல்லவில்லை. பஸ்ஸில் ஓடியது, கல்யாண மண்டபத்தில் ஓடியது, ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் பாசார் தெருவில் நடந்தால் ஏதாவது ஒரு கடையில் அது ஓடிக்கொண்டிருந்தது. “அதுவும் வெறும் குரல்தானே, அது இனிக்குது, இது மட்டும் ஏன் கசக்குது?” என்று எங்களில் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டோம்.

‘ராசாத்தி’யில் மெட்டு நாட்டுப்புற மெட்டு. முன்குரல் பாடுகிறது, பின்குரல்கள் அதற்கு மெத்தை விரிக்கின்றன. வயலின் கூட்டமும் ஆர்கனும் செய்ய வேண்டிய வேலையைத் தொண்டைகள் செய்கின்றன. அந்தக் குரல்களை எடுத்துவிட்டு வயலின்களை வைத்தாலும் பாட்டு நிற்கும், அழகு கொஞ்சம் குறையும். அடக்கமாக, ஒழுங்காக, யாருக்கும் வாய் இருப்பதே தெரியாமல் பாடுகிறார்கள். ‘மெடுல்லா’வில் வாய் இருப்பது தெரிகிறது. உதடு ஒட்டிப் பிரிவது, நாக்கு அண்ணத்தில் தட்டுவது, எச்சில் எல்லாம் கேட்கிறது. அந்த இடத்தில் வயலினை வைத்தால் பாட்டே இல்லை. தமிழ்க் காது மறுத்தது வாத்தியம் இல்லாமையை அல்ல, இவ்வளவு கிட்டத்தில் வந்து நிற்கும் இன்னொருத்தருடைய உடம்பை என்று எனக்குத் தோன்றுகிறது. நம் ஆட்கள் உறுமி மேளத்தின் உறுமலுக்குத் தண்ணீர்மலைக் கோவிலில் சாமி ஆடுவார்கள். அதே உறுமல் ஒரு பெண்ணின் தொண்டையில் இருந்து வந்தால் முகம் சுளிப்பார்கள்.

இதையே வேறு வழியில் சொன்னவர் எங்கள் கூட்டத்தில் இருக்கும் ஓர் அக்கா. தமிழ் தேவாலயக் கூட்டுக்குரலில் ஆல்ட்டோ, அதாவது தாழ்ந்த பெண்குரல், பாடுகிறவர். அவருக்கு ‘மெடுல்லா’ சுத்தமாகப் பிடிக்காது. “குவாயர்ல முதல்ல சொல்லிக்குடுக்குறதே மூச்ச மறைக்கத்தான். நான் மூச்சு எடுக்குறப்ப பக்கத்துல இருக்குறவ எடுக்க மாட்டா. மாத்தி மாத்தி எடுப்போம். கேக்குறவங்களுக்கு இடைவெளியே தெரியாது. இந்தப் பொம்பள அத்தனையும் வெளிய காட்டுது. எங்க மாஸ்டர் கேட்டா வெளிய போகச் சொல்லிருவாரு.” அவர் குறிப்பிட்டது இரண்டாவது பாட்டை, ‘ஷோ மீ ஃபர்கிவ்னஸ்’. ஒன்றரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். ஒற்றைக் குரல், வேறு எதுவும் இல்லை. மன்னிப்புக் கேட்கிற பாட்டு. ஒவ்வொரு வரிக்கு முன்னும் மூச்சு எடுப்பது காதுக்குள் கேட்கும். பதிவுக்கூடத்தில் அதை வெட்டி எறிவது அரை நிமிஷ வேலை. வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறார்கள். அக்கா சொல்லும்வரை நான் அதைக் கவனித்ததில்லை. அவர் குற்றமாகச் சொன்னது எனக்கு அந்தப் பாட்டைத் திறந்துவிட்டது. பாராட்டி எழுதியவர்கள் ஒருவரும் அந்த வேலையைச் செய்யவில்லை.

நடுவில் ஒன்று. பிடிக்காமல் போனவர்களில் கணிசமானவர்கள் இதைக் காரில் கேட்டவர்கள். பட்டர்வொர்த்தில் இருந்து தினமும் பாலம் கடந்து வேலைக்கு வருகிற ஒருவர், “அது தனியா நின்னு கத்துது, பின்னால ஒன்னுமே இல்ல” என்றார். நியாயம்தான். பாலம் 13.5 கிலோமீட்டர். டயர் சத்தமும் காற்றும் ஏர்கானும் சேர்ந்து போடும் இரைச்சல் மெல்லிய ஓசையை எல்லாம் விழுங்கிவிடும். எட்டாவது பாட்டு ‘டிசையர்ட் கான்ஸ்டலேஷ’னில் பின்னால் துகள் துகளாக நடுங்கும் அந்த ஓசை, பியோர்க்கின் பழைய பாட்டு ஒன்றில் இருந்து எடுத்த குரல்துண்டைக் கணினியில் அரைத்துச் செய்தது. அது காரில் கேட்கவே கேட்காது. மிஞ்சுவது முன்குரல் மட்டும். சினிமாப் பாட்டு எந்த இரைச்சலிலும் கேட்கிற மாதிரி அழுத்திக் கலக்கப்பட்டது. அந்தப் பழக்கத்தில் இதைப் போட்டால் கத்தல்தான் கேட்கும். அவர் கேட்டதை அப்படியே சொன்னார், அதில் பொய் இல்லை.

இப்போது புகழ்கிறவர்கள். “காலத்தை மீறியது”, “எல்லைகளை உடைத்தது”, “எல்லாருக்கும் ஆனதல்ல”. இந்த மூன்றையும் சுழற்றிச் சுழற்றிச் சொல்வார்கள். மூன்றாவதுதான் எனக்கு ஆகாது. பிடிக்காதவர்களுக்கு ஞானம் போதாது என்பதைப் பவ்வியமாகச் சொல்லும் வழி அது. தவிர, தொகுப்பில் பலவீனம் இல்லையா? இருக்கிறது. ஐந்தாவதும் பதின்மூன்றாவதும் பாட்டே இல்லை, முனகித் தீர்த்த துண்டுகள். ‘வேர் இஸ் த லைன்’ ஆரம்பத்தில் மிரட்டுகிறது, பாதியிலேயே மிரட்டல் சலித்துவிடுகிறது. அமெரிக்கக் கவிஞர் கம்மிங்ஸின் கவிதை ஒன்றைப் பாடுகிற பத்தாவது பாட்டு நன்றாக இருக்கிறது, ஆனால் வேறொரு தொகுப்பில் இருந்து தவறி வந்த மாதிரி. இதை எல்லாம் சொன்னால் என் இன்ஜினியர் நண்பன், “நீ இன்னும் சரியாக் கேக்கல” என்கிறான்.

எனக்கு மிகவும் ருசித்த சண்டை மிருதங்க மாஸ்டரோடு நடந்தது. ஜெலுத்தோங் பக்கம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். வாயால் தாளம் போடுவது என்று யாராவது பெருமை பேசினால் அவருக்கு மூக்கு விடைக்கும். மிருதங்கச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் இருக்கும்போது என்ன பெரிய பீட்பாக்ஸ்? கடைசிப் பாட்டு ‘ட்ரையம்ஃப் ஆஃப் எ ஹார்ட்’டைப் போட்டேன். ராஸெல், டோகாகா இருவரும் உண்டு. வாயாலேயே டிராம்போன் ஊதுகிற ஒருவரும் உண்டு. மாஸ்டர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே முழுக்கக் கேட்டார்.

“வாய் சுத்தமா இருக்கு தம்பி. ஆனா கணக்கு எங்க?”

“கணக்கு வேணுமாண்ணே?”

“நாலு நாலாவே போய்க்கிட்டு இருக்கான். மூணா ஒரு தகிட இல்ல, அஞ்சா ஒரு தகதகிட இல்ல. ஒரு எடத்துல உடைக்கணும்ல? முடிக்கிற சொல்லா ஒரு கோர்வ வச்சுத் தீர்மானம் பண்ணாம அப்படியே மங்கிப் போவுது. இது வேலைய பாதில போட்டுட்டுப் போறது.”

நான் விடவில்லை. கொன்னக்கோல் வாசிக்க வேண்டியதைச் சொல்கிறது. ‘தகதிமி’ என்று சொன்னதை எந்த மிருதங்கக்காரரும் அப்படியே கையில் கொண்டுவந்துவிடுவார். அதற்கு மைக்கே தேவையில்லை. பீட்பாக்ஸ் அப்படி இல்லை. கேட்ட ஓசையை, டிரம் மெஷினின் உதையையும் ஹைஹாட்டின் சிலும்பலையும், வாய்க்குள் திரும்பச் செய்கிறது. மைக்கை உதட்டில் ஒட்டிவைத்தால்தான் அது முழுதாக வரும். இரண்டும் வேறு வேறு தொழில் என்றேன்.

“அப்ப மிமிக்ரின்னு சொல்லு” என்றார்.

அந்த ஒரு சொல்லில் பாதி உண்மை இருக்கிறது. வழக்கமான பீட்பாக்ஸில் ஆள் மறைந்து மெஷின் தெரிந்தால்தான் கைதட்டு. ‘மெடுல்லா’வில் அந்த மறைப்பு பாதியிலேயே கழன்றுவிடுகிறது. டோகாகாவின் டிரம்ஸ் டிரம்ஸ் மாதிரியே இல்லை, ஓர் ஆள் உற்சாகத்தில் வாயை உப்பிக்கொண்டு இருப்பது தெரிகிறது. மிமிக்ரியாகப் பார்த்தால் அது தோல்வி. எனக்கு அந்தத் தோல்விதான் பிடித்திருக்கிறது. மாஸ்டர் ஒப்புக்கொள்ளவில்லை. உறுதியான அடி இல்லாத இடத்தில் உற்சாகம் எதற்கு உதவும் என்கிறார்.

எல்லாருக்கும் பிடித்த பாட்டு ஒன்றே ஒன்று உண்டு, நாலாவது, ‘வோகுரோ’. அக்கா அதைச் சமைக்கும்போது முணுமுணுக்கிறார். காரில் கேட்டவர்கூட அதை மட்டும் வைத்துக்கொண்டார். கூட்டுக்குரல் தெளிவாக, மூச்சு மறைந்து, ராத்திரியில் பனி பெய்கிற ஊரின் அமைதியோடு போகும். அது பியோர்க் போட்ட மெட்டே இல்லை. யோருன் விதார் என்ற மூத்த ஐஸ்லாந்து இசையமைப்பாளர் எப்போதோ செய்தது. சோதனைத் தொகுப்பில் எல்லாரும் ஒத்துப்போன இடம் சோதனையே இல்லாத பாட்டு என்பதை அக்காவிடம் சொன்னேன். “நல்ல பாட்ட நல்ல பாட்டுன்னு சொல்றதுக்கு உனக்கு என்ன கஷ்டம்?” என்று கேட்டார். அதற்கு மேல் அந்தப் பாட்டைப் பற்றி எங்களுக்குள் பேச ஒன்றும் இல்லை. மற்ற பதின்மூன்றைப் பற்றித்தான் ராத்திரி கடை மூடும்வரை வாய் ஓயாது.

மிருதங்க மாஸ்டர் போன வாரம் கூப்பிட்டார். அந்தக் கடைசிப் பாட்டை அனுப்பச் சொன்னார், முடியும் இடத்துக்கு ஒரு தீர்மானம் எழுதிப் பிள்ளைகளைச் சொல்லவைத்துப் பார்க்கப் போகிறாராம். அனுப்பிவிட்டேன். பிடிக்கிறதா என்று கேட்டதற்கு, “பிடிக்கிறதுக்கு என்ன இருக்கு, சரி பண்ணணும்” என்றார்.